செக் கேஸில் முதல் நாளைத் தள்ளுகிறார்கள், ஜாமீனில் சேர்க்கிறார்கள்: ஒரே காலண்டருக்கு எதற்கு இரண்டு கணக்கு?

செக்குமாடு எழுதியது:

வணக்கம். நான் சட்டம் படித்தவன் இல்லை, அட்டைப்பெட்டி செய்து விற்கிறவன். இரண்டு வழக்குகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு தலை சுற்றுகிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வழக்கு என்னுடையது. சரக்கு எடுத்த ஒருவர் கொடுத்த 4,20,000 ரூபாய் காசோலை, கணக்கில் பணமில்லை என்று திரும்பி வந்துவிட்டது. செக் சட்டம் 138ஆவது பிரிவுப்படி பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினோம், அவர் 2024 ஜூன் 3ஆம் தேதி கையெழுத்துப் போட்டு வாங்கினார். 15 நாள் பார்த்தோம், பணமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. ஜூலை 19ஆம் தேதி ஜே.எம். (ஜுடிசியல் மாஜிஸ்திரேட்) கோர்ட்டில் புகார் தாக்கல் செய்தோம். ஒரு வருஷம் வாய்தா மேல் வாய்தா. இப்போது எதிர்த்தரப்பு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் குவாஷ், அதாவது வழக்கை ரத்து செய்யச் சொல்லும் மனு, போட்டிருக்கிறது. ஒரு மாதக் கெடு ஜூலை 18ஆம் தேதியே முடிந்துவிட்டதாம், நான் ஒரு நாள் லேட்டாம், அதனால் வழக்கே செல்லாதாம். என் வக்கீலைக் கேட்டால் "முதல் நாளைத் தள்ளிவிட்டுத்தான் எண்ணணும் சார், கவலைப்படாதீங்க" என்கிறார்.

சரி என்று நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் இரண்டாவது வழக்கு ஒன்று இருக்கிறதே! என் அக்கா மகனை ஒரு அடிதடி வழக்கில் 2025 ஜனவரி 5ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாஜிஸ்திரேட் வீட்டில் ஆஜர்படுத்தி ரிமாண்ட் செய்து காவலில் வைத்தார்கள். 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் என்று அவனுடைய வக்கீல் முதல் நாளிலிருந்தே காலண்டரில் கட்டம் போட்டு வைத்திருந்தார். மார்ச் 6ஆம் தேதி காலை கோர்ட் உட்கார்ந்ததும் மனுவைக் கொடுத்துவிட்டார். அன்று மதியம் போலீஸ் குற்றப்பத்திரிகையோடு வந்து, இன்றுதான் 60ஆவது நாள் என்றது. இவர், ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ணுங்கள், நேற்றே 60 முடிந்துவிட்டது என்றார். கோர்ட் இவர் சொன்னதை ஏற்று ஜாமீன் கொடுத்தது. பையன் வீட்டுக்கு வந்ததில் சந்தோஷம்தான்.

என் கேள்வி இதுதான். அங்கே முதல் நாளைச் சேர்க்க வேண்டும், இங்கே தள்ள வேண்டும் என்றால், நாளை எண்ணுவதற்குக்கூடச் சட்டத்தில் ஒரு நிலையான முறை கிடையாதா? ஹைகோர்ட் நீதிபதி தனக்குத் தோன்றியபடி எண்ணிக்கொள்ளலாமா? நான் வாங்கி வைத்திருக்கும் தமிழ்ப் புத்தகத்தில் "வழக்குமூலம் எழுந்த தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள்" என்று போட்டிருக்கிறது. அதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

கீழ்க்கோர்ட்டு வக்கீல் எழுதியது:

முதலில் உங்கள் கணக்கை முடித்துவிடுவோம். ஜூன் 3 நோட்டீஸ் வாங்கிய நாள், அதை விட்டுவிடுங்கள். 4ஆம் தேதி முதல் 18ஆம் தேதி வரை 15 நாள், அது அவருக்குப் பணம் கட்டக் கொடுத்த அவகாசம். 19ஆம் தேதிதான் உங்களுக்கு வழக்குப் போடும் உரிமை பிறக்கிறது, உங்கள் புத்தகத்தில் 'வழக்குமூலம்' என்றிருப்பது இதுதான். அந்த 19ஐயும் விட்டுவிட்டு ஒரு மாதம் என்றால் ஜூலை 19. மாதம் என்பது காலண்டர் மாதம், 30 நாள் இல்லை. நீங்கள் கடைசி நாளில் போட்டிருக்கிறீர்கள், ஆனால் கெடுவுக்குள்தான் போட்டிருக்கிறீர்கள்.

இது என் சொந்தக் கருத்து இல்லை. 1999இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஏறக்குறைய இதே கணக்கு போனது. அதில் நோட்டீஸ் செப்டம்பர் 29 கிடைத்தது, 15 நாள் அக்டோபர் 14 முடிந்தது, புகார் நவம்பர் 15 தாக்கலானது. கெடுவுக்குள் வந்துவிட்டது என்றார்கள். வேடிக்கை என்னவென்றால் அதே 1999இல் உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு நேர்மாறாக, முதல் நாளும் சேரும் என்றது. இரண்டு தீர்ப்பையும் கையில் வைத்துக்கொண்டு நாடு முழுக்க 14 வருஷம் சண்டை போட்டோம். 2013இல் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து முதல் தீர்ப்பே சரி என்று முடித்தார்கள்.

சண்டைக்குக் காரணம் ஒரே ஒரு குட்டி ஆங்கிலச் சொல், உங்கள் தமிழ்ப் புத்தகத்தில் அது கண்ணில் படவே படாது. 1897ஆம் ஆண்டு பொது வாசகங்கள் சட்டம் 9ஆவது பிரிவில், ஒரு சட்டத்தில் 'ஃப்ரம்' (from) என்ற சொல் இருந்தால் முதல் நாளைத் தள்ளிவிடு என்று இருக்கிறது. ஆனால் செக் சட்டத்தில் உங்கள் ஒரு மாதக் கெடு இருக்கும் 142ஆவது பிரிவை எழுதியவர் 'ஃப்ரம்' போடவில்லை, 'ஆஃப்' (of) என்று போட்டுவிட்டார். தமிழில் இரண்டுமே 'தேதியிலிருந்து' ஆகிவிடும். 'ஆஃப்' என்றால் அந்த நாளும் உள்ளே என்று ஒரு அமர்வு படித்தது. மூவர் அமர்வு, இந்த இடத்தில் இரண்டுக்கும் ஒரே பொருள்தான், கெடு கொடுத்தால் முழுசாகக் கொடுக்க வேண்டும், அரை நாளைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்றது. உரிமை பிறக்கிற நாள் காலையில் எத்தனை மணிக்குப் பிறந்தது என்று யார் பார்த்தார்கள்?

இப்போது உங்கள் அக்கா மகன். அவன் விஷயத்தை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்ற மூவர் அமர்வு தீர்த்து வைத்தது. அங்கேயும் அதற்கு முன் இரண்டு விதத் தீர்ப்பு இருந்தது. 1986இல் சேர்க்க வேண்டும் என்றார்கள், பிற்பாடு வந்த சில தீர்ப்புகளில் தள்ள வேண்டும் என்றார்கள். சேர்க்க வேண்டும் என்பதுதான் இப்போது சட்டம். அந்த 60 நாள் பிரிவில் எங்கே தொடங்கி எங்கே முடிவது என்கிற வாசகமே இல்லை, மொத்தம் 60 நாளுக்கு மேல் காவலில் வைக்க அதிகாரம் கிடையாது என்று மட்டும்தான் இருக்கிறது. அதனால் 9ஆவது பிரிவுக்கு அங்கே வேலை இல்லை. ஜனவரி 5ஆம் தேதி ராத்திரி பையன் எங்கே படுத்தான்? ஜெயிலில். அப்போது அது காவலில் கழிந்த நாள்தானே, அதை எப்படிக் கணக்கில் விடுவது? எண்ணிப் பாருங்கள், ஜனவரியில் 27, பிப்ரவரியில் 28, மார்ச்சில் 5, ஆக 60. ஆறாம் தேதி காலையில் உரிமை வந்துவிட்டது. மனு முதலில் போய்விட்டால், மதியம் வந்த குற்றப்பத்திரிகையால் அதைப் பறிக்க முடியாது என்று 2020இல் சென்னையிலிருந்து போன ஒரு போதைப்பொருள் வழக்கிலேயே சொல்லியாகிவிட்டது.

ஆக உங்களுக்குக் கொடுத்தது ஒரு வேலையை முடிப்பதற்கான அவகாசம். அரசாங்கத்துக்குப் போட்டது ஒருவனை அடைத்து வைப்பதற்கான உச்ச வரம்பு. காலண்டர் ஒன்றுதான், ஆனால் அவகாசத்தைத் தாராளமாகவும் வரம்பை இறுக்கமாகவும் எண்ணுகிறார்கள்.

சந்தேகப் பிராணி எழுதியது:

வக்கீல் சார் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு ஓட்டை. தண்டனைச் சட்டத்தில் சந்தேகம் வந்தால் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் படிக்க வேண்டும் என்று பேப்பரில் ஆயிரம் தடவை படித்திருக்கிறேன். செக் கேஸிலும் இரண்டு வருஷம் வரை ஜெயில் உண்டு. அப்படியானால் 'ஆஃப்' என்ற சொல்லில் சந்தேகம் வந்தபோது காசோலை கொடுத்தவருக்குச் சாதகமாகத்தானே முதல் நாளைச் சேர்த்திருக்க வேண்டும்? முதலில் முடிவை எடுத்துவிட்டு அப்புறம் அதற்கு ஏற்ற விதியைத் தேடுகிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. தப்பென்றால் சொல்லுங்கள்.

மூன்றாமாண்டு எழுதியது:

சட்டக் கல்லூரி மாணவி. சட்டப் பொருள்கோடல், அதாவது சட்டத்தின் சொற்களுக்குப் பொருள் காணும் முறை, எங்களுக்கு ஒரு முழுத் தாள், அதனால் இதில் மூக்கை நுழைக்கிறேன்.

அந்த விதி உண்மைதான். 1954இல் பம்பாய் வாடகைச் சட்டம் பற்றிய வழக்கு ஒன்று உண்டு. கட்டி முடிக்காத கட்டடத்துக்கு முன்கூட்டியே பகடி (வாடகைக்கு மேல் கேட்கும் தனிப் பணம்) வாங்கியவர் மேல் வழக்கு. 'குத்தகை அளிப்பது தொடர்பாக' பணம் வாங்கினால் குற்றம் என்று சட்டம் சொல்கிறது. இங்கே குத்தகையே இன்னும் அளிக்கவில்லை, பின்னால் அளிப்பதாக ஒப்பந்தம்தானே இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் அவரை விட்டுவிட்டது. நியாயமாக இரண்டு பொருள் சொல்ல முடிந்தால் தண்டனை இல்லாத பொருளை எடு என்பதற்கு இன்றுவரை அதைத்தான் காட்டுகிறார்கள்.

ஆனால் அண்ணா, அந்த விதி கடைசியில் வருவது. முதலில் சொல்லைப் பார், அது எந்த வாக்கியத்தில் நிற்கிறது பார், எந்தக் கேட்டைத் தடுக்க அந்தச் சட்டம் வந்தது பார். கடைசியாகச் சொன்னது 1584ஆம் ஆண்டு இங்கிலாந்து வழக்கிலிருந்து வந்த விதி, நம் உச்ச நீதிமன்றம் 1955லேயே அதை எடுத்துக்கொண்டுவிட்டது. இவ்வளவுக்கும் பிறகும் சந்தேகம் தீராவிட்டால்தான் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2021 நாக்பூர் வழக்கு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் ஆடைக்கு மேல் தொட்டால் அது ஏழாவது பிரிவுக் குற்றம் ஆகாது, தோலோடு தோல் பட வேண்டும், தண்டனை கடுமையாக இருப்பதால் இறுக்கமாகத்தான் படிப்பேன் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை ஜனவரியில் தீர்ப்பு சொன்னது. சட்டத்தில் 'தொடுதல்' என்றும் 'உடல் தொடர்பு' என்றும்தான் இருக்கிறது, தோல் என்ற பேச்சே இல்லை. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இல்லாத குழப்பத்தை நீங்களே உண்டாக்கிவிட்டு அதன் பலனைக் கொடுக்க முடியாது என்பதுதான் அதன் சாரம்.

அதற்காக எப்போதும் விரித்தே படிப்பார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். மனைவியைக் கொடுமைப்படுத்துவது பற்றிய பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் 498ஏ, இப்போது புதுத் தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸில் 85. அதில் 'கணவன்' என்ற சொல்லுக்கு, சட்டப்படி செல்லாத திருமணம் செய்துகொண்டு குடும்பம் நடத்தியவனும் கணவன்தான் என்று 2004இல் விரித்துப் படித்தார்கள். இல்லாவிட்டால் முதல் மனைவி இருப்பதை மறைத்து இரண்டாவது கட்டியவன் தன் மோசடியையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவான். ஆனால் அதே பிரிவில் 'கணவனின் உறவினர்' என்ற சொல்லில் கணவனின் காதலி அடங்குவாளா என்று தமிழ்நாட்டிலிருந்து ஒரு வழக்கு போனபோது, 2009இல் அடங்கமாட்டாள் என்று சுருக்கிவிட்டார்கள். உறவினர் என்றால் ரத்தத்தால், திருமணத்தால், தத்தெடுப்பால் வருவது. காதலியை அதற்குள் இழுத்தால் சட்டமன்றம் எழுதாததை நீதிமன்றம் எழுதியதாகிவிடும். ஒரே பிரிவு, பக்கத்துப் பக்கத்துச் சொற்கள், ஒன்று விரிந்தது, ஒன்று சுருங்கியது. எனக்கு இது பரீட்சையில் 15 மார்க்குக்கு வந்தது.

கீழ்க்கோர்ட்டு வக்கீல் எழுதியது:

மாணவி நன்றாகச் சொல்லிவிட்டார். சந்தேகப் பிராணிக்கு நான் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்ற இடத்தில்தான் அந்த இறுக்கமான வாசிப்பு. எத்தனை நாளுக்குள் வழக்குப் போடலாம் என்பது நடைமுறை, அங்கே அவ்வளவு இறுக்கம் கிடையாது. அதிலும் 138 பெயருக்குத்தான் கிரிமினல். ஓநாய்த் தோலைப் போர்த்திய சிவில் ஆடு என்று உச்ச நீதிமன்றமே 2021இல் சொல்லிவிட்டது. திவால் சட்டத்தில் ஒரு கம்பெனிக்கு எதிரான 'வழக்குகளும் நடவடிக்கைகளும்' நிறுத்தி வைக்கப்படும் என்று இருக்கிறது, அந்த 'நடவடிக்கை'யில் கிரிமினல் கோர்ட்டில் நடக்கும் செக் கேஸும் அடங்குமா என்று கேள்வி வந்தபோது, அடங்கும் என்று சொல்வதற்காக வந்த உவமை அது.

இரண்டாவது, முடிவை எடுத்துவிட்டு விதியைத் தேடுகிறார்கள் என்றீர்களே, அதை முழுசாக மறுக்க எனக்கு வாய் வரவில்லை. 17 வருஷமாகக் கோர்ட்டில் நிற்கிறேன். 2020 மே மாதம் நம் மதுரைக் கிளையிலேயே நடந்ததைச் சொல்கிறேன். கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் மார்ச் 23ஆம் தேதி எல்லா வழக்குகளுக்கும் காலக்கெடுவை நீட்டி ஒரு உத்தரவு போட்டது. அது போலீஸ் குற்றப்பத்திரிகை போட வேண்டிய 60, 90 நாளுக்கும் பொருந்துமா? ஒரு தனி நீதிபதி பொருந்தாது என்று சொல்லி ஜாமீன் கொடுத்தார். சில நாளில் அதே உயர் நீதிமன்றத்தின் இன்னொரு தனி நீதிபதி, பொருந்தும், முந்தைய தீர்ப்பு சரியில்லை என்று ஜாமீன் மறுத்தார். ஒரே உத்தரவு, ஒரே கட்டடம்! நாங்கள் எந்த நகலை நீட்டுவது என்று தெரியாமல் முழித்தோம். ஜூன் 19ஆம் தேதி உச்ச நீதிமன்றம் முதல் நீதிபதி சொன்னதே சரி என்றது. கோர்ட்டுக்கு வர முடியாமல் தவிக்கும் வழக்காடிகளுக்காகப் போட்ட உத்தரவை வைத்துக்கொண்டு ஒருவனைக் கூடுதலாக அடைத்து வைக்க முடியாது. இரண்டாவது நீதிபதிக்கும் ஒரு குட்டு வைத்தார்கள். சம அதிகாரம் உள்ள இன்னொரு நீதிபதியோடு உடன்பாடு இல்லையென்றால் பெரிய அமர்வுக்கு அனுப்ப வேண்டும், எதிராகத் தீர்ப்பு எழுதக் கூடாது.

அதனால் தோன்றியபடி எண்ணலாமா என்ற கேள்விக்குப் பதில், எண்ணிப் பார்ப்பவர்கள் உண்டு, ஆனால் மேலே ஒரு மூவர் அமர்வு பேசியிருந்தால் அதைத் தாண்ட முடியாது, அரசியலமைப்பு 141ஆவது பிரிவு கட்டிப் போடும். உங்கள் விஷயத்தில் பேசிவிட்டார்கள்.

சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் போதாது என்பதற்கு உங்கள் செக் சட்டத்திலேயே வேறொரு இடம் காட்டுகிறேன். 2018இல் 143ஏ, 148 என்று இரண்டு பிரிவு சேர்த்தார்கள். ஒன்றில் வழக்கு நடக்கும்போதே 20 சதவீதத்துக்கு மேற்படாமல் இடைக்கால இழப்பீடு தரச் சொல்லலாம். மற்றதில் தண்டனை பெற்று மேல்முறையீடு செய்கிறவரை, விதித்த தொகையில் குறைந்தது 20 சதவீதம் கட்டச் சொல்லலாம். ஆங்கிலத்தில் இரண்டிலும் இந்த 'லாம்'முக்கு அதே 'மே' (may) என்ற சொல்தான். 148இல் அந்த 'லாம்' பொதுவாக 'வேண்டும்' என்றே பொருள்படும் என்று 2019இல் தீர்ப்பு. அப்புறம் 2023இல், விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால் கட்டாமலும் விடலாம் என்று கொஞ்சம் தளர்த்தினார்கள். 143ஏவுக்கு வந்தபோது, 2024 மார்ச்சில், இங்கே 'லாம்' என்றால் லாம்தான், கண்ணை மூடிக்கொண்டு 20 சதவீதம் போடாதே, முதலில் வழக்கில் உப்பு இருக்கிறதா பார் என்றார்கள். ஏன் என்றால் 148க்கு வருகிறவன் குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு வருகிறான். 143ஏவில் நிற்கிறவன் மேல் இன்னும் ஒன்றும் நிரூபணமாகவில்லை.

ரிட்டயர்டு பெஞ்ச் கிளார்க் எழுதியது:

36 வருஷம் தாக்கல் முத்திரை குத்திய கை இது. தம்பிகளா, சிவில் பக்கம் யாருமே போகவில்லையே.

வழக்குக்குப் பதிலாகப் பிரதிவாதி தரும் எதிர்வாதவுரைக்கு 30 நாள், கோர்ட் நீட்டினால் 90 நாள், அதற்கு மேல் கிடையாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தில் 2002இல் திருத்தம் வந்தது. 'கூடாது' என்றே இருந்தது, அதைவிடக் கறாராக எழுத முடியாது. அந்தத் திருத்தங்களை எதிர்த்து டெல்லி வரை போனது யார் தெரியுமா, நம்ம சேலம் வழக்கறிஞர் சங்கம். 2002இலேயே உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது, ஆனால் 2005இல் அந்த 90 நாள் கட்டாயம் இல்லை, வழிகாட்டுதல்தான், நியாயமான காரணம் இருந்தால் பிறகும் வாங்கலாம் என்றது. நடைமுறைச் சட்டம் நியாயத்துக்கு வேலைக்காரி, எஜமானி இல்லை என்று எல்லா வக்கீலும் மைக் கிடைத்தால் சொல்வார்களே, அது இந்த மாதிரி இடத்துக்குத்தான். அதற்கப்புறம் எங்கள் கோர்ட்டில் 90ஐ யார் மதித்தார்கள்? 200ஆவது நாள்கூட ஐந்நூறு ரூபாய் செலவுத்தொகையோடு வாங்கிக் கோப்பில் கட்டியிருக்கிறேன்.

2015இல் வணிக நீதிமன்றச் சட்டம் வந்தது. அதில் 120 நாள், அது தாண்டினால் உரிமையே போயிற்று, கோர்ட் பதிவில் எடுத்துக்கொள்ளவும் கூடாது என்று ஒரு வரி கூடுதலாகப் போட்டுவிட்டார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயம் என்றது. மாதிரி அதேதான், 'வேண்டும்' என்பதற்கான 'ஷல்' (shall) என்ற சொல்லும் அதேதான், ஆனால் மீறினால் என்ன ஆகும் என்பதையும் சட்டமே சொல்லிவிட்டது பாருங்கள், அங்கே நீதிபதி கையைப் பிசையத்தான் வேண்டும். மாணவி குறித்துக்கொள்ளட்டும், வெறும் 'செய்ய வேண்டும்' என்று இருந்தால் வழி உண்டு, 'செய்யாவிட்டால் இன்னது ஆகும்' என்றும் இருந்தால் கதவு மூடிவிட்டது என்று பாதி நேரம் எடுத்துக்கொள்ளலாம்.

செக்குமாடு கேட்ட தமிழ்ப் புத்தகம். உயர் நீதிமன்றத்தில் மொழி ஆங்கிலம், மத்தியச் சட்டத்துக்கு அதிகாரபூர்வ வாசகமும் ஆங்கிலம்தான், அரசியலமைப்பு 348. கீழே எங்களிடம் தமிழில் தீர்ப்பே வரும், ஆனால் சண்டை முற்றினால் மேலே போய் 'ஆஃப்' என்ன சொல்கிறது என்றுதான் பார்ப்பார்கள். உங்கள் புத்தகத்தைக் குறை சொல்லாதீர்கள், அது பாவம் நன்றாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறது.

இன்னொன்று. நம் ஊரில் இன்றைக்கு எட்டாம் நாள் என்றால் அடுத்த வாரம் இதே கிழமை, இன்றையும் சேர்த்துத்தான் எட்டு. பதினாறாம் நாள் காரியத்துக்கும் இறந்த நாளைச் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். ரிமாண்ட் கணக்கு நம் வீட்டுக் கணக்கு, செக் கணக்கு வெள்ளைக்காரன் கணக்கு. எத்தனையோ பேர் இந்தப் பழக்கத்திலேயே எண்ணிவிட்டு, கெடு போயிற்று என்று ஒரு நாள் முன்னாடியே அழுதுகொண்டு வருவார்கள், நான்தான் பெஞ்சில் உட்கார வைத்து எண்ணிக் காட்டுவேன்.

சந்தேகப் பிராணி எழுதியது:

எட்டாம் நாள் விஷயம் அருமை ஐயா. நடைமுறை, குற்றம் என்ற பிரிவினையை ஏற்கிறேன். ஆனால் ஒரு சாதாரண மனிதன் சட்டத்தைப் படித்துவிட்டு, தனக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மூன்று தீர்ப்பும் ஒரு 1897ஆம் வருஷச் சட்டமும் படிக்க வேண்டும் என்பது எனக்கு இன்னும் அநியாயமாகத்தான் படுகிறது. அந்த 'ஆஃப்'ஐ ஒரு திருத்தத்தில் 'ஃப்ரம்' என்று மாற்றியிருந்தால் 14 வருஷம் மிச்சம். 2002இல் அதே பிரிவைத் திருத்தினார்களே, அப்போது யார் கண்ணிலும் படவில்லையா?

மூன்றாமாண்டு எழுதியது:

படவில்லை போல. ஆனால் அந்தத் திருத்தத்தில்தான், போதிய காரணம் காட்டினால் ஒரு மாதம் தாண்டியும் புகாரை ஏற்கலாம் என்று சேர்த்தார்கள். அதனால் செக்குமாடு அண்ணாவுக்கு ஒரு நாள் போயிருந்தாலும்கூட முற்றாகக் கெட்டுப்போயிருக்காது, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு போட்டிருக்கலாம். சொல்லை இழுத்துப் படிப்பது எல்லாமே தகராறுதான் என்று நினைக்க வேண்டாம். 2019இல் மதுரைக் கிளையில், தூத்துக்குடியில் கோயிலில் நடந்த ஒரு திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கு வந்தது. மணப்பெண் திருநங்கை. இந்து திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்ற சொல்லை 1955இல் உறைந்துபோன பொருளில் படிக்கத் தேவையில்லை, தன்னைப் பெண்ணாக உணரும் திருநங்கையும் அதில் அடங்குவார் என்று நீதிபதி பதிவு செய்யச் சொன்னார். சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

செக்குமாடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி தூக்கம் வரும் போலிருக்கிறது. இரண்டு சின்னச் சந்தேகம் மட்டும்.

குவாஷ் மனுவில் இரண்டாவதாக ஒரு காரணமும் போட்டிருக்கிறார்கள். புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 223ஆவது பிரிவுப்படி, புகாரைக் கோப்பில் எடுப்பதற்கு முன்பே எதிரியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டுமாம், கேட்கவில்லையாம். என் புகார் 2024 ஜூலை 1க்குப் பிறகு போட்டது என்பதால் புதுச் சட்டம்தான் பொருந்தும் என்கிறார்கள். இது வேறு பயமாக இருக்கிறது. அப்புறம், நோட்டீஸ் வாங்கிய தேதியே ஜூன் 2 என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாய்மொழியாகச் சொன்னாராம். ஏ.டி. கார்டில், அதாவது தபாலைப் பெற்றதற்கு அவர் கையெழுத்திட்ட அட்டையில், ஜூன் 3 என்று தெளிவாக இருக்கிறது.

கீழ்க்கோர்ட்டு வக்கீல் எழுதியது:

223ஐப் பற்றிப் பயப்படாதீர்கள். செக் சட்டம் தனிச் சட்டம், அதற்கென்று தனி நடைமுறை உண்டு, பொதுச் சட்டத்தில் புதிதாக வந்த அந்த முன்விசாரணை இதற்குத் தேவையில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் படித்தது. வேறொரு மாநிலத்து உயர் நீதிமன்றத் தீர்ப்பு நம்மைக் கட்டாது, எடுத்துக்காட்டலாம், அவ்வளவுதான் என்று கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டிருந்தது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே அந்தக் கர்நாடக வாசிப்பை ஏற்றுக்கொண்டுவிட்டது. உங்கள் வக்கீலிடம் அந்தத் தீர்ப்பின் நகலும், 2013 மூவர் அமர்வுத் தீர்ப்பின் நகலும் இருந்தால் போதும். மனுவைப் புரட்டும்போது இன்னொன்றும் கவனியுங்கள், குவாஷ் இப்போது 528ஆவது பிரிவு. பழைய பழக்கத்தில் 482 என்று அடித்துவிடுகிறார்கள், புதுச் சட்டத்தில் 482 முன்ஜாமீன். எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் இன்றுவரை மாறவில்லை.

2024 ஜூன் 2 ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத் தபால்காரர் வந்து கையெழுத்து வாங்கினார் என்பதை அவர் காட்டட்டும் பார்ப்போம்.

ரிட்டயர்டு பெஞ்ச் கிளார்க் எழுதியது:

ஆமாம், அந்த ஏ.டி. கார்டு இப்போது எங்கே இருக்கிறது? கோர்ட்டில் கொடுத்தாகிவிட்டதா, வீட்டில் இருக்கிறதா?

செக்குமாடு எழுதியது:

வீட்டில்தான் ஐயா, கோர்ட்டில் நகல் மட்டும் கொடுத்திருக்கிறோம், சாட்சி சொல்லும்போது அசலைக் கொண்டு வரச் சொன்னார் வக்கீல். மடங்கிவிடக் கூடாது என்று நாளைக்கு லேமினேஷன் போடலாம் என்றிருக்கிறேன்.

ரிட்டயர்டு பெஞ்ச் கிளார்க் எழுதியது:

ஐயோ, போட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் மேல் எக்ஸிபிட் (சான்றாவணம்) முத்திரை எப்படிக் குத்துவது? மை ஒட்டாது. ஒரு கவரில் போட்டு பீரோவில் வையுங்கள்.